‘கிளாங்குலர்’ எதிரில் வந்தால் எந்தத் தமிழ்ச் சொல்லை எடுப்பது?

‘கிளாங்குலர்’ என்ற ஆங்கிலப் பெயரடையை ஆங்கிலேயர்களிலேயே பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிறர் அறியாத, மறைவான என்று பொருள். லத்தீனில் ‘கிளாம்’ என்றால் ‘தெரியாமல்’. ‘கிளாங்குலும்’ அதன் செல்ல வடிவம். அதன் வழியே வந்த இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமய உரைநடையில் நடமாடியது; சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலும் இடம்பிடித்தது; பிறகு வழக்கொழிந்தது. அதே ‘கிளாம்’ வேரில் முளைத்த ‘கிளாண்டஸ்டைன்’ மட்டும் இன்றைய செய்தித்தாள்களிலும் உலாவுகிறது.

சென்னையில் இச்சொல் இரண்டு வகையினரிடம் வந்து சேரும். ஒருவர் போட்டித் தேர்வுக்காகச் சொற்பட்டியலை உருப்போடுபவர். அவருக்கு ‘ரகசியமான’ என்ற விடை போதும், மதிப்பெண் கிடைத்துவிடும். இன்னொருவர் பழைய ஆங்கிலத்தைத் தமிழாக்க உட்கார்ந்தவர். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோட்டைக் காலத்துப் பதிவுகளைப் புரட்டுகிறவர், பழைய சமய உரைகளைத் தமிழில் தருகிறவர், உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்குகிறவர் எல்லோரும் இதில் அடக்கம். ‘கிளாங்குலர்’ அரிதாகத்தான் வரும். ஆனால் அதன் உறவுக்கூட்டம் தினமும் வரும்: கிளாண்டஸ்டைன், கோவர்ட், சரப்டிஷியஸ், ஃபர்டிவ். ஆங்கில-தமிழ் அகராதிகளைத் திறந்தால் இந்த ஐந்துக்கும் எதிரே ஏறக்குறைய ஒரே வரிசைதான் நிற்கிறது: மறைவான, ரகசியமான, கள்ளத்தனமான. அகராதி கொடுக்கும் சொற்களில் எதை எடுப்பது என்பதை மொழிபெயர்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். அந்த வாக்கியத்தில் மறைந்திருப்பது எது? செயலா, ஆளா, ஏவியவரா, செய்தியா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானே வந்து நிற்கும்.

முதலில் ஒரு சபலத்தை விலக்கிவிடலாம். அரிய ஆங்கிலச் சொல்லுக்கு அரிய தமிழ்ச் சொல்லைத்தான் போட வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ‘கரந்த’, ‘கரவுடைய’ என்றெல்லாம் எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ‘கிளாங்குலர்’ எழுதிய பாதிரியாருக்கும் அவருடைய வாசகருக்கும் லத்தீன் பள்ளியிலேயே பழக்கமானது. அது அவர்களுக்குப் படித்தவர் சொல், புதிர்ச்சொல் அன்று. இன்றைய தமிழ் வாசகருக்கு ‘கரந்த’ என்பது உரையாசிரியர் துணை தேடும் சொல். மூலத்தில் இல்லாத தடையை நாமே கொண்டுபோய் வைப்பானேன்? மூல ஆசிரியரே வேண்டுமென்று பழமை பூசி எழுதியிருந்தால் மட்டும் ‘கரவு’ பக்கம் போகலாம். அப்போதும் ஓர் இடத்தில் போதும்.

இனி வேட்பாளர்கள்.

‘ரகசியம்’ எல்லா இடத்துக்கும் பொருந்துவதுபோலத் தோன்றும். வாக்குச்சீட்டு முறை ரகசியம், அமைச்சர்கள் எடுப்பது ரகசியக் காப்புப் பிரமாணம், சமையல் பக்குவத்திலும் ரகசியம். இந்தப் பொதுத்தன்மை அதன் பலம், பலவீனமும் அதுவே. சட்டம் அனுமதித்து, ஏன், கட்டாயப்படுத்தி மறைப்பதும் ரகசியம். சட்டத்துக்கு அஞ்சி மறைப்பதும் ரகசியம். அமைச்சர்கள் பதவியேற்கும்போது எடுக்கும் இரண்டாவது உறுதிமொழியில் ஒளிந்து செய்வது எதுவுமில்லை. மேடையில், ஒலிபெருக்கி முன்னால், நாடு பார்க்க எடுக்கிறார்கள். காக்கப்படுவது செய்தி. ‘கிளாண்டஸ்டைன்’ வகையில் மறைக்கப்படுவதோ செயல். ஆகையால் ‘ரகசிய’ என்று போட்டால் தவறாகாது. ஆனால் எந்த வகை ரகசியம் என்பதை அக்கம்பக்கத்துச் சொற்கள் சொல்லியாக வேண்டும்.

‘மந்தணம்’ அரசு அலுவலகத் தமிழில் கோப்பின் மேலும் உறையின் மேலும் எழுதப்படும் சொல். அதிகாரம் உள்ளவர் அதிகாரத்தோடு மூடிவைப்பது அது. இந்த ஐந்து ஆங்கிலச் சொற்களில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தாது. தனித்தமிழ் ஆர்வத்தில் சிலர் ‘மந்தணச் சந்திப்பு’ என்று எழுதுகிறார்கள். தலைமைச் செயலகத்தில் இரண்டு அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் காட்சிதான் எனக்குத் தெரிகிறது.

‘அந்தரங்கம்’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். இன்றைக்கு அது தனிமனித வாழ்க்கையின் உள்ளறைக்குப் போய்விட்டது: அந்தரங்க வாழ்க்கை, அந்தரங்க உரிமை, அந்தரங்கச் செயலாளர். பழைய கிறித்தவத் தமிழில் அதன் ஆட்சி பெரிது. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா வெளியரங்கமாய்ப் பலனளிப்பார் என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறது. அந்தரங்கம், வெளியரங்கம் என்ற இந்த ஜோடி சமய உரைகளைத் தமிழாக்குபவருக்குக் கிடைத்த கொடை. ஆனாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே அந்தரங்கம் நல்லது. தர்மமும் ஜெபமும் அந்தரங்கத்தில் நடக்க வேண்டியவை. ‘கிளாங்குலர்’ எழுதிய பாதிரியாருக்கோ மறைவு என்பது பெரும்பாலும் சந்தேகத்துக்குரியது. அவர் கண்டிக்கும் இடத்தில் ‘அந்தரங்க’ என்று போட்டால் கண்டனம் பாராட்டாகிவிடும்.

‘மறைமுகம்’ என்ற சொல்லை இந்தப் பட்டியலிலிருந்தே அடித்துவிடச் சொல்வேன். சென்னை மேயரை 2022 மார்ச் மாதம் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தபோது அதற்கு ‘மறைமுகத் தேர்தல்’ என்று பெயர். இருநூறு வார்டுகளிலிருந்து வந்தவர்கள் ரிப்பன் மாளிகையில் கூடி, ஊரறியச் செய்த தேர்வு அது. மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை என்பது மட்டுமே அங்கே ‘மறைமுக’த்தின் பொருள். மறைமுக வரியும் அப்படித்தான். கடைக்காரர் பில்லிலேயே அச்சடித்துத் தருகிறார். ‘நேரடியல்லாத’ என்ற பொருளில் இந்தச் சொல் இவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்ட பிறகு, ‘மறைமுகப் பேச்சுவார்த்தை’ என்று எழுதினால் இடையில் தூதர் இருந்தாரா, அல்லது யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்று வாசகர் எப்படி அறிவார்? செய்தி மொழிபெயர்ப்பில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அரசியல் செய்தியில் அது சின்னக் குழப்பமும் அன்று.

‘தலைமறைவு’ ஆளை மறைக்கும் சொல். 1948க்குப் பிறகு சென்னை மாகாணத்துக் கம்யூனிஸ்டுகள் வாழ்ந்தது தலைமறைவு வாழ்க்கை. தடைசெய்யப்பட்ட கட்சி, அதன் அச்சகம், அதன் கூட்டம் என்று வரும் இடங்களில் ‘கிளாண்டஸ்டைன்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை. ஆனால் காவல்துறைச் செய்திகள் இந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. வழக்கில் தேடப்படுகிற எவரும் இன்று தலைமறைவு. ஆகவே ‘தலைமறைவு இயக்கம்’, ‘தலைமறைவு இதழ்’ என்று பெயரோடு ஒட்டி எழுதினால் பழைய பொருள் நிற்கும். ‘தலைமறைவாக இருந்தார்’ என்று விட்டால் போலீஸ் ஜீப் வந்துவிடும்.

‘கமுக்கம்’ எனக்குப் பிடித்த சொல். ரகசியம் என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் என்று சிலர் எல்லா இடத்திலும் வைக்கிறார்கள். அது அதற்குச் செய்யும் அநியாயம். கமுக்கம் மனிதரின் சுபாவம். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் காரியத்தை முடித்துக்கொண்டு எழுந்து போகிறவர் கமுக்கமானவர். பாத்திரச் சித்திரிப்பில் வைத்துப் பாருங்கள், மிளிரும். ‘கமுக்கச் சட்டம்’ என்று எழுதினால் சட்டமே கள்ளச் சிரிப்பு சிரிப்பதுபோல இருக்கும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது ‘கள்ள’, ‘களவு’ என்ற குடும்பத்தோடு.

ஆங்கிலத்தின் ‘ஃபர்டிவ்’, லத்தீனில் திருடனைக் குறிக்கும் ‘ஃபூர்’ என்பதிலிருந்து வந்தது. ‘சரப்டிஷியஸ்’ என்பதன் அடியில் இருப்பதும் தெரியாமல் பறித்துக்கொள்ளுதல்தான். திருட்டையும் மறைவையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போடும் வழக்கம் லத்தீனுக்கு மட்டும் உரியதன்று. தமிழில் களவு என்றால் திருட்டு. பெற்றோரும் ஊரும் அறியாமல் வளரும் காதலும் களவுதான். ‘கண்களவு கொள்ளும் சிறுநோக்கம் காமத்தில் செம்பாகம் அன்று பெரிது’ என்கிறது குறள் (1092). அவள் திருட்டுத்தனமாகப் பார்க்கும் அந்தச் சின்னப் பார்வை காதலில் பாதிக்கும் மேல் என்கிறான் காதலன். ஆங்கிலத்தில் ‘ஃபர்டிவ்’ பெரும்பாலும் பார்வைக்கும் பாவனைக்குமே அடைமொழியாக வருகிறது. அதற்குத் தமிழில் ‘கள்ளப் பார்வை’ அச்சு வார்த்ததுபோலப் பொருந்துகிறது. இங்கே எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கம் வருவது, பார்வையை விட்டுச் செயலுக்குப் போகும்போது. கள்ளச் சாராயம், கள்ளச் சந்தை, கள்ள நோட்டு, கள்ள ஓட்டு, கள்ளச் சாவி. இவற்றில் மறைவு எவ்வளவு இருக்கிறது? கள்ள நோட்டு பட்டப்பகலில் கைமாறுகிறது. கள்ள ஓட்டு வாக்குச்சாவடி அதிகாரியின் கண்ணெதிரே விழுகிறது. ஆகவே இன்றைய ‘கள்ள’ முதலில் சொல்வது சட்டவிரோதம் அல்லது போலி. மறைவு அதற்குப் பின்னால்தான். இந்த வேறுபாடு சென்னையின் பழைய வரலாற்றைத் தமிழாக்கும்போது நேராக வந்து நிற்கும். 1698இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக வந்த தாமஸ் பிட், அதற்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனியாக வணிகம் செய்து அதே கம்பெனியிடம் அபராதம் வாங்கியவர். அவர் செய்தது கம்பெனியின் பார்வையில் கள்ள வணிகம். ஆனால் அது ஊரறிந்த மீறல், ‘கிளாங்குலர்’ அன்று. கம்பெனிக்குத் தெரியாமல் வேறொருவர் பெயரில் சரக்கு ஏற்றியவர் உண்டென்றால், அவருடையதுதான் ‘கிளாங்குலர்’. இரண்டையும் ‘கள்ள’ என்றே தமிழாக்கினால் பிட்டின் துணிச்சல் காணாமல் போகும்.

‘கள்ள’ சுமந்து வரும் தீர்ப்பு இன்னொரு சிக்கல். திருமணத்துக்கு வெளியேயான உறவைத் தண்டிக்கும் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் செல்லாததாக்கியது. குற்றம் போய்விட்டது, ‘கள்ளக்காதல்’ என்ற தலைப்பு மட்டும் போகவில்லை. ஆங்கில மூலத்தில் வெறுமனே ‘கிளாண்டஸ்டைன்’ உறவு என்று இருந்ததைக் ‘கள்ள’ என்று மாற்றும்போது, எழுதியவர் சொல்லாத தீர்ப்பைத் தமிழில் நாம் வாசிக்கிறோம். ‘யாருக்கும் தெரியாத உறவு’ என்று எழுதினால் குடிமுழுகிப் போகாது.

‘களவு’ என்ற பெயர்ச்சொல்லிலோ சிக்கல் நேர்மாறு. இங்கிலாந்தில் 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘கிளாண்டஸ்டைன்’ இருக்கிறது. அத்தகைய திருமணங்களைத் தடுப்பதற்கான சட்டம் அது. லண்டனின் ஃபிளீட் சிறைச்சாலையைச் சுற்றி, காசு கொடுத்தால் கேள்வி கேட்காமல் மணமுடித்து வைக்கும் பாதிரிமார் இருந்தார்கள். முறையான அறிவிப்பு இல்லை, பெற்றோர் சம்மதம் இல்லை, சாட்சி உண்டா என்பதும் கேள்வி. சட்டம் வந்த பிறகு, அறிவிப்போ உரிமமோ இல்லாமல் நடந்த திருமணம் செல்லாதது ஆயிற்று. ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே எல்லையைத் தாண்டினால் கிடைக்கும் கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஜோடிகள் ஓட ஆரம்பித்தார்கள்.

இதைத் தமிழாக்க உட்காரும் எவருக்கும் ‘களவு மணம்’ நாக்கு நுனியில் வந்து நிற்கும். வரலாறும் கைகொடுப்பதுபோலத் தோன்றும். ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்வதும் இதே காரணத்தைத்தான்: மறைவில் கூடியவர்கள் பிறகு பொய் பேசினார்கள், தவறினார்கள், அதனால் பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள். ஹார்ட்விக் பிரபுவுக்கு இந்த நூற்பா தெரிந்திருந்தால் மசோதாவின் முகப்பிலேயே போட்டிருப்பார். ஆனாலும் ‘களவு மணம்’ இங்கே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. தமிழ் இலக்கணத்தில் களவு இழிந்தது அன்று. கற்புக்கு முந்தைய நிலை, பாடத் தக்க பொருள். ஃபிளீட் சிறையோரத்துத் திருமணத்தில் காதலர்களோடு, சொத்துக்காகச் சிறுமிகளை ஏமாற்றி அழைத்து வந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குக் குறிஞ்சித் திணையின் வாசனையைப் பூசுவது முறையில்லை. ‘ரகசியத் திருமணம்’ என்றே எழுதலாம். பதிவு அலுவலகத்தில் நண்பர்கள் கையெழுத்தோடு முடியும் திருமணங்களுக்கு நம் செய்தித்தாள்கள் பயன்படுத்தும் அதே சொல் வாசகருக்குச் சரியான காட்சியைக் கொடுக்கும்.

‘கோவர்ட்’ எஞ்சியிருக்கிறது. உளவுத்துறைச் செய்திகளில் இதையும் ‘கிளாண்டஸ்டைன்’ என்பதையும் ஒன்றாகவே ‘ரகசிய நடவடிக்கை’ என்று எழுதிவிடுகிறோம். அமெரிக்க ராணுவச் சொல்லாட்சி இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. நடவடிக்கையே தெரியக்கூடாது என்றால் கிளாண்டஸ்டைன். நடவடிக்கை தெரிந்தாலும் பரவாயில்லை, பின்னால் இருப்பது யார் என்பது தெரியக்கூடாது என்றால் கோவர்ட். ஒட்டுக்கேட்கும் கருவியை ஒரு தூதரகத்துச் சுவரில் பதித்தால் முதல் வகை. ஒரு நாட்டு அரசைக் கவிழ்க்கக் கலகக்காரர்களுக்கு மூன்றாவது கை வழியாகப் பணம் போனால் இரண்டாவது வகை. கலகம் உலகத்துக்கே தெரியும், பணம் கொடுத்தவர் தெரிய மாட்டார்.

ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறள் (590) இந்த இரண்டாவது மறைவைப் பற்றியதுதான்: ‘சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க செய்யின் புறப்படுத்தான் ஆகும் மறை.’ ஒற்றனுக்கு ஊரறியப் பரிசளிக்காதே. அளித்தால் மறைத்து வைத்ததை நீயே வெளியில் போட்டவன் ஆவாய். ஒற்றன் வேலையை முடித்துவிட்டான், செயல் நடந்துவிட்டது. இனியும் காக்க வேண்டியது அரசனுக்கும் ஒற்றனுக்கும் உள்ள தொடர்பை. இதை அறிந்த பிறகு ‘கோவர்ட்’ என்பதற்கு நான் ஒற்றைச் சொல் தேடுவதை விட்டுவிட்டேன். ‘பின்னணியில் இருந்து இயக்கிய’, ‘தன் கை தெரியாமல் நடத்திய’ என்று விரித்து எழுதுவதே நேர்மையானது. பத்திரிகைத் தலைப்பில் இடமில்லை என்றால் ‘நிழல் நடவடிக்கை’ சமாளிக்கும். கட்டுரைக்குள் அது அலங்காரமாகிவிடும்.

விரித்து எழுதுவது என்றதும் இன்னொரு தேர்வு நினைவுக்கு வர வேண்டும். பெயரடையைப் பெயரடையாலேயே தமிழாக்க வேண்டும் என்று எவரும் நமக்கு உத்தரவு போடவில்லை. ஆங்கிலம் பெயர்ச்சொல்லின் தலையில் அடைமொழியை ஏற்றி வேலையை முடிக்கும். தமிழ் பெரும்பாலும் வினையில் முடிக்கும். ‘கிளாண்டஸ்டைன்’ சந்திப்பு நடந்தது என்பதை ‘யாருக்கும் தெரியாமல் சந்தித்தார்கள்’ என்று எழுதினால் மேலே பார்த்த சிக்கல்களில் பாதி உதிர்ந்துவிடும். ‘தெரியாமல்’ என்ற எச்சத்தில் தீர்ப்பு இல்லை, திருட்டு இல்லை, காதல் இல்லை. மறைவு மட்டும் இருக்கிறது. யாருக்குத் தெரியாமல் என்று சொல்லவும் அது இடம் தருகிறது: கம்பெனிக்குத் தெரியாமல், வீட்டுக்குத் தெரியாமல், தணிக்கைக்குத் தெரியாமல். ஆங்கிலப் பெயரடையால் இதைச் செய்ய முடியாது. ‘சரப்டிஷியஸ்’ என்றால் ‘நைசாக’ என்று பேச்சில் சொல்வோம்; எழுத்தில் ‘கண்ணில் படாமல்’ சரியாக இருக்கும். சிலரே சேர்ந்து, சத்தமில்லாமல் முடித்த காரியத்துக்குக் ‘காதும் காதும் வைத்ததுபோல்’ இருக்கிறது. ஆனால் இது நல்ல காரியத்துக்கும் வரும்; குடும்பத்து மானத்தைக் காப்பாற்றிய சமரசத்தைக்கூட இப்படித்தான் சொல்வோம். கண்டிக்கும் தொனி வேண்டிய இடத்தில் இதை வைக்காதீர்கள்.

நீதிமன்றத் தமிழில் வினைவழி இன்னும் உதவும். நம் நில வழக்குகளில் ‘கிளாம்’ நேரடியாகவே வருகிறது. பிறர் நிலத்தை நீண்டகாலம் அனுபவித்தவர் எதிரிடை அனுபவத்தின் பேரில் உரிமை கோரும்போது, ‘நெக் வீ, நெக் கிளாம், நெக் பிரெகாரியோ’ என்ற ரோமானிய வாய்பாட்டைத் தீர்ப்புகள் எடுத்தாளும். பலவந்தமாக இல்லாமல், மறைவாக இல்லாமல், உரிமையாளரின் அனுமதியில் இல்லாமல் என்று பொருள். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி தனியார் நிலத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி அனுபவித்திருக்க வேண்டும். தாம்பரத்துக்கு அப்பால் ஒருவர் அடுத்தவர் மனையில் வேலி போட்டுக் குடியிருந்தார் என்றால், அது உரிமையாளர் கண்ணில் படும்படி இருந்ததா என்பது வழக்கின் உயிர்நாடி. ‘நெக் கிளாம்’ என்பதைக் ‘கள்ளத்தனமாக அல்லாமல்’ என்று எழுதினால் வழக்கே கோணலாகிவிடும்; அடுத்தவர் நிலத்தில் குடியேறியவர் கள்ளத்தனம் செய்யவில்லை என்று யார் சொல்வது? ‘ஒளிவுமறைவின்றி’ என்று ஒரு சொல் நம்மிடம் எப்போதும் இருக்கிறது. அதை எடுத்து வைத்தால் போதும்.

இனி மூலச் சொல்லுக்குத் திரும்பலாம். ‘கிளாங்குலர்’ என்பதற்கு ஜான்சன் எடுத்துக்காட்டாகத் தரும் வரி 17ஆம் நூற்றாண்டுச் சமய நூல் ஒன்றிலிருந்து வருகிறது. நம் இச்சைகள் கலகம் செய்கின்றன. அவற்றுக்குப் போகும் உணவுவழியை அடைத்துவிட வேண்டும். உள்ளே ஒளித்து வைத்த பாசத்தால் அவற்றுக்குக் ‘கிளாங்குலர்’ உதவி அனுப்பிக் கலகத்தை வாழவைக்கக்கூடாது என்பது அதன் கருத்து. உரைகல்லில் உரசிப் பார்த்தால் மறைந்திருப்பது செயல், மறைப்பது தன்னிடமிருந்தே. ‘ரகசிய உதவி’ என்றால் அந்தத் துரோகம் தெரியவில்லை. ‘அந்தரங்க உதவி’ வேறு எங்கோ போகிறது. ‘மறைமுக உதவி’ அரசு மானியம்போல இருக்கிறது. ‘தெரியாமல்’ என்றால் யாருக்குத் தெரியாமல் என்ற கேள்வி எழுகிறது. எதிரியும் தானே, உதவுகிறவரும் தானே. மற்ற இடங்களில் நான் தள்ளிவைத்த கள்ளத்தனம் இங்கே சரியாக உட்காருகிறது, ஏனென்றால் எழுதியவரே தீர்ப்புச் சொல்லத்தான் வந்திருக்கிறார்: ‘வெளியே வழியை அடைத்துவிட்டு, உள்ளுக்குள் கள்ளத்தனமாகச் சோறு அனுப்பிக்கொண்டிராதீர்கள்.’

ஆங்கிலத்திலேயே எழுதுகிற தமிழர்கள் சிலர், இந்த அரிய சொல்லைத் தம் கட்டுரையில் வைக்கலாமா என்று கேட்பதுண்டு. வைக்க வேண்டாம். ‘கிளாண்டஸ்டைன்’ அதே வேலையைச் செய்கிறது, வாசகரை அகராதிக்கு அனுப்பாமல். 17ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரைப் பாத்திரமாக்கிக் கதை எழுதுகிறீர்கள் என்றால் அவர் வாயில் ஒருமுறை வரட்டும்.